நடுவிரலும் ஞாயிற்றுக்கிழமையும்: கழுத்துவலியோடு வந்த ஒரு தையல்காரரின் நிகழ்வு ஆய்வு

வலி மருத்துவத்தில் வேலை செய்யும் எனக்கு, சரியாகப் போன சிகிச்சையைவிடப் பாதி சரியாகப் போன சிகிச்சைதான் அதிக நாள் நினைவில் நிற்கிறது. இது அப்படி ஒன்று. இந்தப் பெண்ணுக்கு இரண்டு முறை ஊசி போட்டோம். முதலாவது தேவைப்பட்டது, பலித்தது. இரண்டாவதைத் தவிர்த்திருக்கலாம். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

## பின்னணி

வயது 46. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், பீஸ் ரேட் வேலை. ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட்: காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை. பதினெட்டு வருடமாக இதே வேலை. ஆறு வருடமாக சர்க்கரை நோய்க்கு மாத்திரை. வேறு பெரிய நோய் எதுவும் இல்லை.

எங்களிடம் வருவதற்கு ஏழு மாதம் முன்பு கழுத்தின் பின்புறம் வலி தொடங்கியது. முதல் மூன்று மாதம் தைலம், கடையில் வாங்கிய வலி மாத்திரை என்று ஓட்டியிருக்கிறார். பிறகு பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் போனார். அவர் எண்ணெய் தேய்த்து, கழுத்தை இரு பக்கமும் திருப்பிச் சொடுக்கு எடுத்திருக்கிறார். அடுத்த வாரத்தில் இடது கையில் வலி இறங்க ஆரம்பித்தது. சொடுக்கால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் வட்டு ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்து, தானாகவும் நகர்ந்திருக்கலாம். ஆனால் கை வரை வலி இறங்கும் கழுத்தை யாரும் வேகமாகத் திருப்பக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இடது கை வலி என்றதும் வீட்டில் இதயம் என்று பயந்து இரவோடு இரவாக ஈசிஜி எடுத்திருக்கிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது சரியான பயம்தான். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை இரண்டும் சாதாரணமாக இருந்தன. அங்கே ‘எலும்புத் தேய்மானம்’ என்று சொல்லி, கழுத்துப் பட்டையும், நரம்பு வலிக்கான பிரிகாபலின் 75 மி.கி. மாத்திரை காலை இரவு இரண்டு வேளையும் கொடுத்தார்கள்.

பட்டையை எத்தனை நாள் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கும் மேல் போட்டிருந்தார். காலை மாத்திரை தூக்கக் கலக்கத்தைத் தந்தது. ஒரு நாள் மெஷின் ஊசி இடது ஆள்காட்டி விரலில் ஏறி இறங்கிவிட்டது. அன்றே மாத்திரையை அவராக நிறுத்திவிட்டார். சுறுசுறுப்பாக ஓடும் ஊசிக்குக் கீழே விரலை வைத்துப் பிழைப்பவருக்குப் பகல் வேளையில் அந்த மாத்திரையை எழுதுமுன் தொழில் என்னவென்று கேட்டிருக்க வேண்டும். இதை எழுதிக்கொடுத்தவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பது பின்னால் தெரியும்.

## முதல் சந்திப்பில் கவனித்தவை

காத்திருக்கும் இடத்தில் இடது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்ததும் கூட வந்திருந்த மாமியார் சொன்ன முதல் புகாரே அதுதான். “எப்பப் பார்த்தாலும் தலைல கைய வெச்சுக்கிட்டே குக்கோணிருக்கறாளுங்க. வீட்டுக்கு ஆகுமாங்க?”

தலையில் கைவைத்து உட்காருவதை நம் வீடுகளில் யாரும் பொறுப்பதில்லை. ஆனால் கழுத்து நரம்பு நசுங்கியவர்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் நிலை அது. கையைத் தலைமேல் வைக்கும்போது நரம்பு வேரின் இழுவை தளர்ந்து வலி குறைகிறது. தோள்மூட்டுக் கோளாறு என்றால் பெரும்பாலும் கையைத் தூக்கினால் வலி கூடும். நான் தொட்டுப் பார்க்கும் முன்பே நோய் எந்தப் பக்கம் என்பதில் பாதி தெரிந்துவிட்டது.

வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, “கரண்ட் அடிச்ச மாதிரி சுருக்குனு எறங்குதுங்க” என்று தோள்பட்டையின் பின்புறத்திலிருந்து மேல்கையின் பின்பக்கமாக, முன்கை வழியாக விரலால் கோடு போட்டுக் காட்டினார். கோடு நடுவிரலில் முடிந்தது. மரத்துப்போவதும் அந்த விரல்தான். பத்துக்கு எட்டு என்றார். இரவில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி மூன்று மாதம் ஆகிறது. கழுத்து இயலாமைக் கேள்விப் பட்டியலில் ஐம்பதுக்கு 29.

பரிசோதனையில் கிடைத்தவை: தலையைப் பின்னால் சாய்த்து இடப்பக்கம் திருப்பி மேலிருந்து மெதுவாக அழுத்தியபோது, அதே மின்னல் வலி கையில் இறங்கியது. முழங்கையை நீட்டும் பின்கைத் தசையின் வலு ஐந்துக்கு நான்குக்கும் கொஞ்சம் குறைவு. தட்டினால் தானாகத் துடிக்கும் அந்தத் தசையின் அனிச்சை வலப்பக்கம் நன்றாக வந்தது, இடப்பக்கம் வரவே இல்லை. மணிக்கட்டை மடக்கிப் பிடித்துப் பார்த்ததில் விரல் மரப்பு கூடவில்லை. தையல்காரர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவது சகஜம், அதிலும் நடுவிரல் மரக்கும். ஆனால் அது பின்கைத் தசையைத் தொடாது. இந்த வேறுபாட்டை உறுதிப்படுத்த நரம்புக் கடத்தல் சோதனையும் தசை மின்பதிவும் செய்தோம். மணிக்கட்டில் கோளாறு இல்லை. ஏழாவது கழுத்து நரம்பு ஊட்டும் தசைகளில் பாதிப்பின் அடையாளம் இருந்தது.

தண்டுவடம் நசுங்கியிருக்கிறதா என்பதையும் தேடினோம். நேர்கோட்டில் குதிகாலோடு பெருவிரல் ஒட்டி நடந்தார், தடுமாற்றம் இல்லை. சட்டைப் பொத்தான் போடச் சிரமம் இல்லை. சிறுநீர், மலம் இரண்டிலும் மாற்றம் இல்லை. காய்ச்சல், எடை இழப்பு இல்லை. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்திருந்தால் ஊசியைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டோம்.

வலு குறைந்திருந்தது அவருக்கே தெரியாது. வலியால்தான் கை ஓய்ந்துபோகிறது என்று நினைத்திருந்தார். இதற்கு முன் பார்த்த சீட்டுகள் எதிலும் முழங்கை வலுவைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆகவே அது எப்போது தொடங்கியது, நிலையாக இருக்கிறதா, குறைந்துகொண்டே வருகிறதா என்பதைச் சொல்ல எங்களிடம் பழைய அளவு எதுவும் இல்லை. அடுத்த பத்து நாளில் இரண்டு முறை வரவழைத்து அளந்தோம். மாறவில்லை.

## ஸ்கேனா, விரலா

எம்ஆர்ஐ அறிக்கையில் தடித்த எழுத்தில் இருந்தது ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட வட்டு: நடுவாகப் பிதுங்கித் தண்டுவட உறையைத் தொடுகிறது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இடப்பக்க நரம்புத் துளை குறுகியிருக்கிறது. குடும்பம் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, “ஜவ்வு விலகி தண்டுவடத்தைத் தொட்டிருச்சு, ஆபரேஷன் பண்ணலைன்னா படுத்துருவாங்க” என்ற பயத்தோடு வந்திருந்தது.

கழுத்தில் எலும்புகள் ஏழு, நரம்பு ஜோடிகள் எட்டு. ஆறாவது எலும்புக்கும் ஏழாவதுக்கும் நடுவில் வெளியே வருவது ஏழாவது நரம்பு. பின்கைத் தசையும் நடுவிரலும் பெரும்பாலும் அதன் ஆளுகை. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் வரும் ஆறாவது நரம்பு நசுங்கியிருந்தால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் பக்கம் மரத்திருக்கும், முழங்கையை மடக்கும் வலு குறைந்திருக்கும். இரண்டும் இல்லை. ஆகவே அறிக்கையின் பெரிய எழுத்து இவருடைய வலிக்குச் சொந்தமில்லை.

வலியே இல்லாதவர்களைப் படமெடுத்தாலும் இப்படித் தெரியும். 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கழுத்துவலி எதுவும் இல்லாத 63 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களில் 28 சதவீதம் பேருக்குப் படத்தில் கோளாறு இருந்தது. இதை அந்த மாமியாரிடம் வேறு மாதிரி சொன்னேன்: “நரைச்ச முடி மாதிரிங்ம்மா. இருக்குது, ஆனா அதனால தலைவலி வராது.” அவர் பாதி நம்பினார்.

## எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. மருந்தும் பயிற்சியும் மட்டும் தொடர்வது. கழுத்தில், தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடத்தில் ஸ்டீராய்டு ஊசி. அறுவை சிகிச்சை.

இந்த நோய் காத்திருப்பவருக்குப் பெரும்பாலும் கருணை காட்டும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகர மக்களிடம் 1976 முதல் 1990 வரை செய்த கணக்கெடுப்பில், 561 பேரில் சுமார் கால் பங்கினருக்கு அறுவை நடந்தது. கடைசியாகப் பார்த்தபோது பத்தில் ஒன்பது பேர் வலியின்றியோ சிறு தொந்தரவோடோ இருந்தார்கள். ஆனால் இவர் ஏற்கெனவே நான்கு மாதம் கைவலியோடு காத்தாயிற்று. தூக்கம் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, பயிற்சி செய்ய கழுத்தைத் தொடவிடவில்லை. வலு குறைவு இருந்ததால் நரம்பியல் அறுவை மருத்துவரிடமும் அனுப்பினோம். முன்பக்கமாக வட்டை எடுத்து எலும்புகளை இணைப்பது, பின்பக்கமாகச் சிறு துளையிட்டு நரம்பு வழியை மட்டும் அகலப்படுத்துவது என்று இரண்டையும் அவர் விளக்கினார். வலு மேலும் குறையாத வரை ஆறு வாரம் பொறுக்கலாம் என்பது அவர் கருத்து. மூன்று நிபந்தனைகளைச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தோம்: கை வலு இறங்கினால், நடை தடுமாறினால், ஆறு வாரத்தில் வலி பாதிக்காவது குறையாவிட்டால், அறுவை.

ஊசியை எந்த வழியாகப் போடுவது என்பதில்தான் அதிக நேரம் யோசித்தோம். நசுங்கிய நரம்பு வெளிவரும் துளையிலேயே நேராகப் போடுவது கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் கழுத்தில் அந்தத் துளையை ஒட்டி மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகும் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. மெத்தில்பிரெட்னிசோலோன், டிரையாம்சினோலோன் போன்ற துகள் கலந்த மருந்து அவற்றில் புகுந்து அடைத்தால் பக்கவாதம் வரும், உயிரும் போகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014 ஏப்ரலில், தண்டுவட உறைக்கு வெளியே போடும் ஸ்டீராய்டு ஊசிகளுக்குப் பொதுவாகவே எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில், ஏழாவது கழுத்து முள்ளெலும்புக்கும் முதல் மார்பு முள்ளெலும்புக்கும் நடுவே, பின்பக்கமாக நுழைவது என்று முடிவு செய்தோம். மேலே போகப்போக உறைக்கு வெளியில் உள்ள இடம் சுருங்கிவிடும், இங்கேதான் கொஞ்சம் தாராளம். இவருடைய எம்ஆர்ஐயில் அந்த இடத்தில் தண்டுவடத்துக்குப் பின்னால் கொழுப்புப் படலம் தெரிகிறதா என்று நாங்களே பார்த்து உறுதி செய்தோம். மருந்து, துகள் இல்லாத டெக்சாமெத்தசோன்.

துடிப்பு ரேடியோ அலை சிகிச்சையையும் பரிசீலித்தோம். நரம்பு வேரருகே 42 டிகிரியைத் தாண்டாமல் மின்துடிப்பு கொடுப்பது. 2007இல் வந்த, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வில் மூன்று மாதத்தில் பலன் தெரிந்தது, ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 23 பேர்தான். முதல் ஆயுதமாக எடுக்கத் தோன்றவில்லை.

ஒப்புதல் பேச்சில் அவர் கேட்டது ஒரே கேள்வி. “ஏனுங்க டாக்டர், கழுத்துல ஊசி போட்டா கை கால் வராமப் போயிருமாங்க?” அபூர்வமாக அப்படி ஆனவர்கள் உண்டு, அதைத் தவிர்க்க நாங்கள் செய்யப்போவது இவை இவை, இதையும் மீறி நடக்கும் வாய்ப்பு மிகச் சிறியது ஆனால் பூஜ்யம் இல்லை என்று சொன்னேன். ஒரு நாள் எடுத்துக்கொண்டு, கணவரிடமும் தம்பியிடமும் பேசிவிட்டுச் சம்மதித்தார்.

## ஊசி போட்ட நாள்

குப்புறப் படுக்கவைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே பார்வையில் செய்தோம். தூங்கவைக்கவில்லை. ஊசி தொடக்கூடாததைத் தொட்டால் முதலில் சொல்ல வேண்டியவர் நோயாளிதான், அவரைத் தூங்கவைத்துவிட்டால் அந்த அலாரமும் தூங்கிவிடும். முதுகில் ஊசி போடும்போது, தசைநாரைத் தாண்டியதும் தடை விடுபடும் உணர்வை நம்பலாம். கழுத்தில் மஞ்சள் தசைநார் நடுவில் இடைவெளியோடு இருப்பவர்கள் பலர் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. எதிர்ப்பக்கச் சாய்கோணத்தில் எக்ஸ்ரேயைத் திருப்பி, ஊசி முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் பார்த்தோம். சாயம் ஒரு மி.லி. செலுத்தியபோது இடப்பக்கமாக மேலேறி ஏழாவது நரம்பு வேர் வரை படர்ந்தது. ரத்தக் குழாயில் ஓடவில்லை. டெக்சாமெத்தசோன் 8 மி.கி.யை உப்புநீரில் கலந்து மெதுவாகச் செலுத்தினோம். பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு மணி நேரம் கை கால் வலுவையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு அனுப்பினோம்.

## பின் வந்த வாரங்கள்

மறுநாள் மாலை கணவர் போன் செய்தார். வலி எப்படி என்று கேட்க வாய் திறக்கும் முன், “சுகர் முன்னூத்திப் பதினெட்டுங்க” என்றார். ஸ்டீராய்டு சில நாள் சர்க்கரையைக் கூட்டும் என்று வாயால் சொல்லியிருந்தோம். எவ்வளவு கூடினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.1 சதவீதம் என்று முன்பே தெரிந்திருந்தும் அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பேசி மாத்திரையைத் தற்காலிகமாக மாற்றினோம். ஐந்தாம் நாள் பழைய அளவுக்கு இறங்கியது. ஆபத்தில் முடியவில்லை என்பதால் இது சிறு தவறு ஆகிவிடாது.

மூன்றாம் நாள் இரவு முதன்முறையாக ஐந்து மணி நேரம் தூங்கினார். இரண்டு வாரத்தில் கைவலி எட்டிலிருந்து மூன்று. அதன்பின்தான் உண்மையான வேலை தொடங்கியது. பட்டையை ஒரு நாளில் பிடுங்கவில்லை. பகலில் இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று கழற்றி, இரண்டு வாரத்தில் விட்டோம். கழுத்துப் பட்டையைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. புதிதாக வந்த நரம்பு வலிக்கு மூன்று முதல் ஆறு வாரம் அதைப் போட்டுப் படிப்படியாகக் கழற்றினால் பலன் உண்டு என்று 2009இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு காட்டியது. மூன்று மாதம் போட்டதுதான் இவருடைய கழுத்துத் தசைகளைச் சோம்பலாக்கியது.

இயன்முறை மருத்துவர் முதலில் கழுத்தின் முன்புற ஆழத் தசைகளுக்கும் தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகளுக்கும் பயிற்சி கொடுத்தார். பின்கைத் தசைக்குத் தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில். மூன்றாம் மாதத்தில் கைவலி ஒன்று அல்லது பூஜ்யம், வலு ஐந்துக்குச் சற்றே குறைவு, இயலாமை மதிப்பெண் 29இலிருந்து 13. அனிச்சை மட்டும் திரும்பவில்லை.

## இரண்டாவது ஊசி

நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினார். ஐந்தாம் மாதம் மறுபடி வந்தார். கை நன்றாக இருந்தது. கழுத்தின் பின்புறம், இடப்பக்கம் சற்று அதிகமாக, பத்துக்கு ஐந்து வலி. ஒரு வெற்றிக்குப் பிறகு அடுத்த ஊசி எளிதாகத் தோன்றும். நோயாளிக்கும் அப்படித்தான்: “அதே மாதிரி இன்னொன்னு போட்டுருங்க டாக்டர்.”

கழுத்தின் சிறு மூட்டுகளிலிருந்து வரும் வலியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த மூட்டுகளுக்குப் போகும் மெல்லிய நரம்புக் கிளைகளை மரத்துப்போகச் செய்து பார்ப்பது சோதனை. வலி பெருமளவு அடங்கினால், இன்னொரு நாள் மறுபடி செய்து உறுதிப்படுத்திவிட்டு, ரேடியோ அலையால் அந்தக் கிளைகளைச் சுட்டுவிடலாம். 1996இல் வந்த ஆய்வில், சாட்டையடிபோல் கழுத்து உதறிய விபத்துக்குப் பிறகு மூட்டு வலி வந்த 24 பேரிடம், சுட்டவர்களுக்கு வலி பழைய நிலையில் பாதி அளவுக்குத் திரும்ப எடுத்த நாள்களின் இடைநிலை 263, போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 8. நல்ல சிகிச்சைதான், சரியான ஆளுக்கு.

இடப்பக்கம் ஐந்தாவது, ஆறாவது கிளைகளில் மரப்பு மருந்து செலுத்தினோம். ஐந்து இருந்த வலி நான்கு ஆனது. அதாவது, இல்லை.

அடுத்த மூட்டைப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டே, கையுறையைக் கழற்றும்போது சும்மா கேட்டேன்: ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும்?

“ஞாயித்துக்கிழமை வலிக்கறதில்லீங்களே.”

காலையிலும் வலி இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்து, ஒன்றரை ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் ஐந்தாகும். ஆர்டர் இல்லாத வாரம் முழுக்க வலியே இல்லை. தேய்ந்த மூட்டு விடுமுறையை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்காது. இந்தப் பதில் ஊசிக்கு முன்பே அவரிடம் இருந்தது. கேட்காதது நான்.

அத்துடன் ஊசிகளை நிறுத்தினோம். செல்போனில் வேலையிடத்தைப் படம் எடுத்து வரச் சொன்னோம். சாய்மானம் இல்லாத ஸ்டூல், அவர் உயரத்துக்குத் தாழ்வான மேசை. ஊசி முனையைப் பார்க்கத் தலை முழுக்கக் கவிழ்ந்திருந்தது. ஐந்து கிலோ அளவுள்ள தலையைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் தொங்கவிட்டுப் பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இயன்முறை மருத்துவர் சூப்பர்வைசருக்கு ஒரு கடிதம் எழுதினார். மேசைக் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தினார்கள். ஊசிக்கு அருகில் ஒரு சிறு எல்இடி விளக்கு மாட்டினார்கள், குனிந்து தேட வேண்டிய அவசியம் பாதி போனது. செக்கிங் பிரிவுக்கு மாற்றிப் பார்த்தார்கள், அங்கே நின்றுகொண்டு குனிய வேண்டியிருந்ததால் பத்து நாளில் திரும்பிவிட்டார்.

## இப்போது மாற்றிக்கொண்டவை

கை வரை வலி இறங்கும் எவருக்கும் முதல் நாளே மூன்று தசைகளின் வலுவை எண்ணாக எழுதுகிறோம், வலியால் முழு பலம் கொடுக்க முடியவில்லை என்றால் அதையும் எழுதுகிறோம். சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு ஊசி என்றால், ஐந்து நாளுக்கு எப்போது பார்ப்பது, எந்த அளவைத் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது என்று தமிழில் அச்சடித்த ஒரு தாள் போகிறது. அவருடைய மருத்துவருக்கு முன்கூட்டியே போன்.

வேலையிடப் படத்தை இப்போது முதல் சந்திப்பிலேயே கேட்கிறோம். இவர் விஷயத்தில் அது ஐந்து மாதம் தாமதமாக வந்தது. வலி அட்டையில் கிழமை என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறோம்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தீர்மானம் இல்லை. முதல் ஊசியை இரண்டு மாதம் முன்பே போட்டிருந்தால் வேலை இழப்பு குறைந்திருக்கும். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் ஊசியே தேவைப்படாமல் போயிருக்கவும் கூடும். எங்கள் குழுவில் இதில் இரண்டு கருத்து இன்னும் இருக்கிறது.

## கடைசியாகப் பார்த்தபோது

முதல் ஊசிக்குப் பதினோரு மாதம் கழித்து வந்தார். கைவலி இல்லை. முழங்கை வலு முழுமை. பின்கை அனிச்சை இன்னும் வரவில்லை, இனி வராமலே போகலாம், அதனால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. நடுவிரல் நுனியில் கொஞ்சம் மரப்பு மிச்சம் இருக்கிறது, துணியின் மடிப்பைத் தடவிப் பார்க்க இப்போது மோதிரவிரலைப் பயன்படுத்துகிறார். இயலாமை மதிப்பெண் 11. மாத்திரை எதுவும் இல்லை, பயிற்சி வாரத்தில் நான்கு நாள்.

ஒன்றரை ஷிப்டை விட்டு ஒரு ஷிப்ட் மட்டும் பார்க்கிறார். சனிக்கிழமைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. ஆர்டர் நெருக்கும்போது கூப்பிடுகிறார்களாம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் மட்டும் போகலாமா என்று கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க விடுவார்களா என்று நான் கேட்டேன். விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.